துல்லியத்தன்மையா, நுட்பமா: இரண்டு வெப்பமானிகளில் எதை நம்புவது?

பனித்துளி

எல்லோருக்கும் வணக்கம். இயற்பியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வகக் குறிப்பேட்டில் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் இரண்டு வெப்பமானிகளை வைத்து அளந்தோம். ஒன்று டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் வெப்பநிலைச் சென்சார். மற்றது டிகிரிக்கு ஒரு கோடு போட்ட கண்ணாடி வெப்பமானி. அதில் கோடுகளுக்கு நடுவே கண்ணால் மதிப்பிட்டு அரை டிகிரி வரை எழுதினோம். வந்த எண்கள் இவை, எல்லாம் செல்சியஸ்:

சென்சார்: 0.44, 0.44, 0.50, 0.44, 0.44
கண்ணாடி: 0.5, −0.5, 0.0, 0.5, −0.5

சென்சாரின் சராசரி 0.45. கண்ணாடியின் சராசரி மிகச் சரியாகப் பூஜ்யம். கேள்வி: "எந்தக் கருவி சிறந்தது? காரணம் கூறுக." என்னோடு செய்த தோழி கண்ணாடிதான் என்கிறாள். எனக்குச் சென்சார் என்று தோன்றுகிறது, ஆனால் ஏன் என்று சொல்ல வரவில்லை. பாடப்புத்தகத்தில் வரும் அம்பு எறியும் பலகைப் படம் புரிகிறது. இந்த எண்களுக்கு முன்னால் அது உதவவில்லை.

சுருக்கெழுத்து

கண்ணாடி துல்லியமானது, சென்சார் நுட்பமானது. இரண்டு வரி எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தராசுமுள்

மதிப்பெண் வரும், சரி. ஆனால் அந்தப் பதிலை எண்களைப் பார்க்காமலே எழுதிவிடலாம். நான் கருவிகளை அளவுதிருத்தம் செய்யும் வேலையில் இருப்பவன், எண்களைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

கண்ணாடியின் ஐந்து அளவீடுகளில் நான்கு, உண்மையிலிருந்து அரை டிகிரி தள்ளி நிற்கின்றன. சென்சாரில் ஒன்றுதான் அரை டிகிரி, மற்ற நான்கும் 0.44. ஒவ்வொரு பிழையையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டு பாருங்கள். இரண்டு கருவிக்கும் 0.45 தான் வருகிறது. ஒரே ஒரு தடவை பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு போகிறவருக்கு இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றுதான்.

அப்படியென்றால் "கண்ணாடி துல்லியமானது" என்பது எங்கிருந்து வந்தது? சராசரியிலிருந்து. அந்தச் சராசரியையும் கொஞ்சம் சோதிப்போம். கண்ணாடி அளவீடுகளின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு, 0.5. ஐந்து அளவீட்டின் சராசரியில் இருக்கும் தடுமாற்றம் 0.5ஐ √5ஆல் வகுத்தது, அதாவது சுமார் 0.22. இன்னொரு முறை ஐந்து எடுத்திருந்தால் 0.2 என்றோ −0.3 என்றோ வந்திருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். அந்த அழகான பூஜ்யத்தில் பாதி அதிர்ஷ்டம்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1994இல் வந்த ஐஎஸ்ஓ 5725 தரநிலை விஷயத்தை மூன்றாகப் பார்க்கிறது. பல அளவீடுகளின் சராசரி உண்மைக்கு எவ்வளவு அருகில் என்பது ஒன்று. அளவீடுகள் தமக்குள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பது இன்னொன்று, அதுதான் நுட்பம். இரண்டும் சேர்ந்து அமைந்தால்தான் துல்லியத்தன்மை. இந்தக் கணக்கில் சிதறிக் கிடக்கும் கண்ணாடிக்குத் துல்லியமானது என்ற பட்டமே கிடைக்காது.

பனித்துளி, உங்கள் உள்ளுணர்வு சரி. சென்சாரிடம் இருப்பது திருத்தக்கூடிய பிழை. ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 0.45 கழித்துவிட்டால் அதன் திட்ட விலக்கமான 0.03 மட்டும்தான் மிஞ்சும், அதுவும் ஒரே அளவீட்டில். கண்ணாடியின் சராசரியை 0.05 அளவு நிச்சயத்துக்குக் கொண்டுவரவே 100 அளவீடு எடுக்க வேண்டும். பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு உழைப்பு, வர்க்கமூலத்தின் விலை அது.

பனித்துளி

> ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 0.45 கழித்துவிட்டால்

நன்றி ஐயா, இது நன்றாகப் புரிந்தது. அப்படியானால் நுட்பமான கருவியை வாங்கி, பிழையைக் கழித்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? துல்லியத்தன்மையைப் பற்றிக் கவலையே வேண்டாமா?

ஐயப்பாடு

கொஞ்சம் பொறுங்கள். அந்த 0.45 உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

உருகும் பனிக்கட்டி பூஜ்யம் டிகிரி என்று முன்பே தெரியும், அதனால் தெரிந்தது. சிதறல் எவ்வளவு என்பதை உங்கள் ஐந்து எண்களே சொல்லிவிட்டன. ஒருபக்கச் சாய்வு எவ்வளவு என்பதை அந்த எண்கள் சொல்லவே இல்லை, சொல்லவும் முடியாது. அதை வெளியிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

இப்படிப் பாருங்கள். வெப்பநிலை தெரியாத வெதுவெதுப்பான நீரில் அதே சென்சாரை வைக்கிறீர்கள். 41.44, 41.44, 41.50, 41.44 என்று வருகிறது. உண்மை 41.0ஆ, 41.4ஆ, 42ஆ? ஆயிரம் தடவை அளந்தாலும் அதே 41.44 தான் வரும். திட்ட விலக்கத்தை எத்தனை தசமத்துக்குக் கணக்கிட்டாலும் சாய்வு அதில் தலைகாட்டாது.

அம்புப் பலகைப் படத்தின் மேல் எனக்குள்ள கோபமும் இதுதான். அதில் நடுவட்டத்தை வரைந்து கொடுத்துவிடுகிறார்கள். ஆய்வகத்தில் நமக்குக் கிடைப்பது வெறும் சுவரும் அதில் அம்பு குத்திய ஓட்டைகளும் மட்டும். வட்டம் எங்கே என்று கண்டுபிடிப்பதுதானே வேலையே!

விண்நோக்கி

ஹபிள் தொலைநோக்கியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்லிவிடுகிறேன்.

1990 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. 2.4 மீட்டர் முதன்மை ஆடி, பரப்பின் மேடுபள்ளம் சுமார் 10 நானோமீட்டருக்குள் அடங்கும்படி மெருகேற்றப்பட்டது. அந்தக் காலத்தில் அப்படியொரு வேலைப்பாட்டை யாரும் பார்த்ததில்லை. படம் வந்தபோது விண்மீன்களைச் சுற்றி மங்கலான ஒளிவட்டம். ஆடியின் விளிம்பு, இருக்க வேண்டியதைவிட 2 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டிருந்தது. மெருகேற்றும்போது வடிவத்தைச் சோதித்த ஒளியியல் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தள்ளிப் பொருத்தப்பட்டிருந்ததுதான் காரணம். கருவி தவறான வடிவத்தைச் சரி என்று சொன்னது. தேய்த்தவர்கள் அந்தத் தவறான வடிவத்துக்கு அணுவளவும் பிசகாமல் ஆடியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஆனால் தராசுமுள் சொன்னது இங்கேயும் பலித்தது. பிழை ஒழுங்கானதாக இருந்ததால், எவ்வளவு பிழை என்று கணக்கிட்டு, அதற்கு நேரெதிரான பிழையோடு திருத்து ஒளியியலைச் செய்ய முடிந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பொருத்திவிட்டு வந்தார்கள். அதே ஆடி கன்னாபின்னாவென்று மேடும் பள்ளமுமாக இருந்திருந்தால் யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

ஐயப்பாடு

நல்ல எடுத்துக்காட்டு. அதில் பலர் தாண்டிப் போகிற பகுதியைச் சேர்க்கிறேன். ஏவுவதற்கு முன்பே வேறு சோதனைக் கருவிகள் இரண்டு, ஆடியில் குறை இருப்பதாகக் காட்டின. அவை முதன்மைக் கருவி அளவுக்குத் தரமானவை இல்லை என்று சொல்லி அந்த முடிவுகளை ஒதுக்கிவிட்டார்கள். "நல்ல கருவி சரி என்கிறது, சுமாரான கருவி தவறு என்கிறது, நல்ல கருவியையே நம்புவோம்" என்ற நியாயம்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான். சுமாரான கருவியாக இருந்தாலும் அது தனி வழியில் அளந்தது. முதன்மைக் கருவியில் தள்ளிப்போன லென்ஸ் அதில் இல்லை. ஒருபக்கச் சாய்வைப் பிடிக்க அந்தத் தனி வழிதான் வேண்டும், கூடுதல் தசமம் இல்லை. பனித்துளியின் தோழி கையில் இருக்கும் கண்ணாடி வெப்பமானிக்கும் இந்த மரியாதை உண்டு. அது சிதறினாலும் சென்சாரை "நீ அரை டிகிரி ஏறி நிற்கிறாய்" என்று காட்டிக்கொடுக்கக் கூடியது.

நாழிகை

கடிகாரக் கிறுக்கன் ஒருவன் உள்ளே வருகிறேன், மன்னிக்கவும்.

கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிக்க ஜான் ஹாரிசன் செய்த எச்4 கடிகாரம் 1761–62இல் ஜமைக்கா பயணத்தில் சோதிக்கப்பட்டது. அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது நாளொன்றுக்குச் சுமார் 2⅔ நொடி பின்தங்கிக்கொண்டே போனது. அது தெரிந்த விஷயம் என்பதால் நாள்கணக்கைப் பெருக்கிக் கூட்டிவிட்டார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டரை மாதத்துக்கு மேல் கடலில் ஆடிய கடிகாரம் ஏறக்குறைய 5 நொடி பிசகோடு கரை சேர்ந்தது. நிலநடுக்கோட்டில் 4 நொடி என்றால் ஒரு கடல் மைல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கப்பல் கடிகாரங்களை அதன் பிறகும் இப்படித்தான் மதிப்பிட்டார்கள். தினமும் 3 நொடி பின்தங்குவது குற்றமில்லை. இன்று 3, நாளை 1, மறுநாள் 4 என்று தள்ளாடினால்தான் குப்பைக்குப் போகும்.

அதிலும் ஒரு சண்டை வந்தது பாருங்கள். அந்த 2⅔ நொடி என்ற எண்ணை ஹாரிசன் தரப்பு பயணத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்கவில்லை என்று, சோதனையை மதிப்பிட்ட பிரிட்டிஷ் அரசின் தீர்க்கரேகை வாரியம் முரண்டு பிடித்தது. அடுத்து பார்படோஸ் பயணத்தில் எண்ணை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனார்கள். வாரியத்தின் மேல் எனக்குப் பல வருத்தம் உண்டு, ஆனால் இந்த ஒன்றில் அவர்கள் கேட்டது நியாயம். விடை தெரிந்த பிறகு திருத்த எண்ணைச் சொல்வதென்றால் எந்தக் கடிகாரத்தையும் சரியாக்கிவிடலாமே.

தராசுமுள்

நாழிகை சொன்னது பொன். எங்கள் தொழிலில் சான்றிதழில் எழுதித் தருவதும் அதுதான்: இந்தக் கருவி இந்தப் புள்ளியில் இவ்வளவு கூட்டிக் காட்டுகிறது, இந்தத் தேதியில், இந்தச் சூழலில் பார்த்தபோது. சூழலையும் தேதியையும் ஏன் எழுதுகிறோம் என்றால், கழிக்க வேண்டிய எண் எப்போதும் ஒன்றாகவே இருக்காது.

எலக்ட்ரானிக் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். 0.01 கிராம் வரை காட்டும், திரும்பத் திரும்ப வைத்தாலும் அதே எண். ஆனால் அது உண்மையில் உணர்வது பொருள் கீழே அழுத்தும் விசையை. ஈர்ப்பு முடுக்கம் துருவத்தில் சுமார் 9.832, நிலநடுக்கோட்டில் சுமார் 9.780. துருவத்தில் சரிசெய்த தராசை நிலநடுக்கோட்டுக்குக் கொண்டுபோய் 1 கிலோ எடைக்கல்லை வைத்தால் 994.7 கிராம் என்று காட்டும். எத்தனை தடவை வைத்தாலும் 994.7. கடைசி இலக்கம் கல்லில் பொறித்தது போல அசையாமல் நிற்கும், பிழையோ அதைப் போல ஐந்நூறு மடங்கு. அதனால்தான் நல்ல தராசுகளை வைக்கும் இடத்திலேயே, தெரிந்த எடைக்கல்லை வைத்துச் சரிசெய்கிறோம்.

உங்கள் சென்சாருக்கும் இது உண்டு. பூஜ்யத்தில் 0.45 ஏறிக் காட்டுவது 60 டிகிரியிலும் அதே 0.45 ஏறிக் காட்டும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 60இல் 0.1 ஆகலாம், எதிர்ப்பக்கம் கூடப் போகலாம். குறைந்தது இன்னொரு புள்ளியிலாவது பார்க்க வேண்டும். கொதிநீரை வைத்துப் பார்ப்பதாக இருந்தால் காற்றழுத்தத்தையும் கவனியுங்கள். 100 டிகிரி என்பது இயல்பு வளிமண்டல அழுத்தத்தில் மட்டும். 300 மீட்டர் உயரம் ஏறினாலே கொதிநிலை ஏறக்குறைய 1 டிகிரி இறங்கிவிடும். அது தெரியாமல் சரிசெய்தால், இல்லாத பிழையைக் கொண்டுபோய் நீங்களே கருவிக்குள் வைத்தது போலாகும்.

சுருக்கெழுத்து

திரையில் இரண்டு தசமம் தெரிகிறதே, அப்புறம் எதற்கு அரை டிகிரி என்கிறீர்கள்?

தராசுமுள்

திரையில் தெரிவது பகுதிறன், அதாவது கருவி பிரித்துக் காட்டும் மிகச் சிறிய படி, அவ்வளவுதான். அந்தச் சென்சார் 12 பிட் நிலையில் 0.0625 டிகிரி படிகளாக எண்ணித் தரும். −10 முதல் 85 டிகிரி வரை தயாரிப்பாளர் தரும் உறுதியோ ±0.5. பனித்துளிக்கு வந்த 0.45 அந்த உறுதிக்குள்தான் இருக்கிறது. 0.44, 0.50 என்று மாறியதும் ஒரே ஒரு படி ஏறி இறங்கியதுதான். 0.4375 ஒரு படி, 0.5 அடுத்த படி. படிக்குள்ளே நடக்கும் சின்ன அசைவு வெளியே தெரியாது. சிதறல் குறைவாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம்.

பனித்துளி

ஒரு சந்தேகம். எனக்குப் பனிக்கட்டி இருந்தது, தராசுக்கு எடைக்கல் இருக்கிறது. யாருமே இதுவரை அறியாத ஒன்றை அளக்கிற விஞ்ஞானிகள் எதோடு ஒப்பிடுவார்கள்? அங்கே உண்மை மதிப்பை வெளியிலிருந்து தர யாரும் இல்லையே.

ஐயப்பாடு

சரியான கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

நியூட்ரினோ கதையிலிருந்து தொடங்குகிறேன். ஓபெரா குழு 2011 செப்டம்பரில் ஒரு முடிவை வெளியிட்டது: ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ நிலத்தடி ஆய்வகத்துக்குச் சுமார் 730 கிலோமீட்டர் வந்த நியூட்ரினோக்கள், ஒளி வந்திருக்க வேண்டிய நேரத்தைவிட 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன. புள்ளியியல் நிச்சயமின்மை சுமார் 7 நானோநொடி. முறையான பிழைகளுக்கென்று, அதாவது எல்லா அளவீட்டையும் ஒரே பக்கமாகச் சாய்க்கும் பிழைகளுக்கென்று, தனியாகப் பட்டியல் போட்டுக் கணக்கிட்டிருந்தார்கள், அதுவும் ஏறக்குறைய 7. இரண்டையும் சேர்த்தாலும் 60 என்பது எங்கேயோ இருக்கிறது.

கடைசியில் ஓர் ஒளியிழைக் கம்பியின் இணைப்பு சரியாக இறுக்கப்படாமல் இருந்தது தெரியவந்தது. கூடவே கடிகார அலையியற்றியிலும் ஒரு சிறு பிசகு. பட்டியலில் கம்பி இணைப்பு இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நாம் நினைத்துப் பார்த்த பிழைகளைத்தானே பட்டியலில் போட முடியும்! அதே ஆய்வகத்தில் தனிக் கருவியோடு இருந்த இக்காரஸ் குழு 2012இல் அளந்தபோது நியூட்ரினோக்கள் ஒளியின் வேகத்துக்கு மேல் போகவில்லை. நியூட்ரினோவின் உண்மை வேகத்தை யாரும் வெளியிலிருந்து கொடுக்கவில்லை, வேறொரு கருவி கொடுத்த விடை இருந்தது. பனித்துளி கேட்டதற்கு என் பதில் இதுதான்: உண்மை மதிப்பு இல்லாத இடத்தில் வேறு வழியில் அளந்த இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவார்கள்.

இது எப்போதும் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. ஈர்ப்பு மாறிலி ஜி இருக்கிறதே, 2018இல் சீனாவில் ஒரே குழு இரண்டு முறைகளில் அளந்தது. ஒன்றில் 6.674184, இன்னொன்றில் 6.674484, இரண்டுமே பத்தின் அடுக்கு −11உடன். ஒவ்வொன்றின் நிச்சயமின்மையும் பத்து லட்சத்தில் 12 பங்குக்குள். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமோ பத்து லட்சத்தில் 45 பங்கு. இரண்டுமே அபார நுட்பம், இரண்டுமே ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

நியூட்ரானின் ஆயுளும் அப்படித்தான். குளிர்ந்த நியூட்ரான்களைக் கலனில் அடைத்து வைத்து மிச்சத்தை எண்ணினால் சுமார் 878 நொடி. நியூட்ரான் கற்றையில் சிதைவுகளை எண்ணினால் சுமார் 888 நொடி. இரண்டு தரப்பின் பிழை எல்லைகளும் ஒன்றையொன்று தொடவில்லை. ஏதோ ஒரு முறையில் யாரும் நினைத்துப் பார்க்காத சாய்வு ஒளிந்திருக்கிறதா, இல்லை நமக்குத் தெரியாத இயற்பியல் இருக்கிறதா என்று வாதம் நடக்கிறது. ஒரே முறையில் மட்டும் உலகம் முழுக்க அளந்திருந்தால் இப்படியொரு கேள்வியே எழுந்திருக்காது, நிம்மதியாக ஒரு எண்ணைப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

விண்நோக்கி

மில்லிகனையும் சொல்லுங்கள். எண்ணெய்த் துளிச் சோதனையில் 1913இல் அவர் வெளியிட்ட எலக்ட்ரான் மின்னூட்ட மதிப்பு இன்றைய மதிப்பைவிட 0.6 சதவீதம் குறைவு. அவர் போட்ட பிழை எல்லையோ 0.2 சதவீதம். காற்றின் பாகுநிலைக்கு எடுத்த எண் தவறு, அது ஒவ்வொரு துளியின் கணக்கிலும் ஒரே பக்கமாகப் புகுந்துவிட்டது. எத்தனை துளியை அளந்திருந்தாலும் அது விலகியிருக்காது.

நாழிகை

மில்லிகன் இழையைத் தனியாகத் தொடங்கலாம், அது வேறு சண்டை. பனித்துளி குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று யாராவது சொல்லுங்களேன், பாவம் முதல் கேள்வி அப்படியே கிடக்கிறது.

தராசுமுள்

இப்படி எழுதலாம்: "சென்சார் அளவீடுகளின் சிதறல் 0.03, கண்ணாடியின் சிதறல் 0.5. தனி அளவீட்டின் மொத்தப் பிழை இரண்டுக்கும் 0.45. பனிநிலையில் 0.45 திருத்தம் செய்தால், அந்த வெப்பநிலைக்கு அருகில் சென்சார் சிறந்தது. மற்ற வெப்பநிலைகளில் இந்தத் திருத்தம் சோதிக்கப்படவில்லை." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள், திருத்துபவர் கண்ணுக்கு அதுதான் முதலில் படும்.

எழுதுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பனிக்கட்டி எப்படி வைத்தீர்கள்? பெரிய கட்டிகள் நாலைந்து மிதக்க, அடியில் நிறைய நீர் நின்றிருந்தால் அடிநீர் பூஜ்யத்தில் இருந்திருக்காது. தூய நீரில் செய்த கட்டியைப் பொடித்து, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றி, கலக்கிவிட்டுச் சில நிமிடம் பொறுக்க வேண்டும். உணர்முனை குவளையின் அடியையோ சுவரையோ தொடக்கூடாது. நீரில் உப்பு இருந்தால் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும்.

பனித்துளி

பெரிய கட்டிகள்தான். நீர் நிறையவே இருந்தது, சென்சார் அடியைத் தொட்டுக்கொண்டு இருந்தது. கண்ணாடி வெப்பமானி மேலே, கட்டிகளுக்கு நடுவில்.

ஐயப்பாடு

அப்படியானால் அந்த 0.45இல் எவ்வளவு சென்சாருடையது, எவ்வளவு அடிநீருடையது என்று இப்போதைக்கு யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே உயரத்தில் வைத்து மறுபடி எடுங்கள். எண்களை இங்கேயே போடுங்கள்.

பனித்துளி

அடுத்த ஆய்வக வகுப்பில் எடுத்துவிட்டுப் போடுகிறேன். தோழியையும் இந்த இழைக்குக் கூட்டி வருகிறேன், "பாதி அதிர்ஷ்டம்" என்றதற்கு அவள் பதில் சொல்ல வேண்டுமாம்.